புல்லும் கொள்ளும்: தமிழகத்தில் குதிரைக் குடல்நலத்தின் வரலாறு

நலமாக இருக்கும் குதிரை ஒரு நாளில் 8 முதல் 12 முறை இலத்தி போடும். அது ஈரப்பதத்தோடு, தரையில் விழுந்ததும் லேசாகப் பிளக்கும் உருண்டைகளாக இருக்கும். உருண்டை இளகிக் கூழானாலும், நீர் தனியே பிரிந்து பின்னங்கால்களில் வழிந்தாலும், கல்லாக இறுகினாலும் குடலில் ஏதோ பிசகியிருக்கிறது என்று பொருள். காலையில் லாயத்துக்குள் நுழையும் அனுபவமுள்ள குதிரைக்காரர் குதிரையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பார்ப்பது இதனால்தான். தமிழகத்தில் குதிரையின் வரலாறு பெரும்பாலும் படைகளின் வரலாறாகவும் கடல் வாணிபத்தின் வரலாறாகவுமே எழுதப்பட்டிருக்கிறது. பெரும்பொருள் கொடுத்து வாங்கிய குதிரைகள் எத்தனை காலம் உயிரோடு இருந்தன என்ற கேள்விக்கு விடை தேடினால், தீவனத் தொட்டிக்கும் புல்லுக்கட்டுக்கும்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது.

புல்லுக்காக அமைந்த குடல்

குதிரை அசைபோடும் விலங்கு அன்று. அதன் இரைப்பை உடலளவுக்குச் சிறியது. 8 முதல் 15 லிட்டர் வரைதான் கொள்ளும். இரைப்பையின் வாயிலுள்ள தசை வளையம் மிக இறுக்கமானது என்பதால் குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஒவ்வாத தீனி உள்ளே போய்விட்டால் அது குடல் முழுவதையும் கடந்துதான் வெளியேற வேண்டும். ஏறத்தாழ 20 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலில் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகியவை செரிக்கின்றன. செரியாமல் மிஞ்சும் நார்ச்சத்து அடுத்துள்ள பின்குடலுக்குப் போகிறது. அங்கே ‘சீக்கம்’ என்ற பெரிய பை மட்டும் சுமார் 30 லிட்டர் கொள்ளும். அதைத் தொடரும் பெருங்குடல் அதைவிடப் பெரியது.

இந்தப் பின்குடலில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிரிகளே நாரை நொதிக்கவைத்துக் குதிரைக்கு ஆற்றலாக மாற்றித் தருகின்றன. உணவோடு கலந்திருக்கும் நீரும் உப்புகளும் இங்கேதான் உடலுக்குள் திரும்ப உறிஞ்சப்படுகின்றன. நீர் போதிய அளவு உறிஞ்சப்பட்ட பிறகே இலத்தி உருண்டு திரள்கிறது. நுண்ணுயிரிகளின் சமநிலை கெட்டால் முதலில் கெடுவது இந்த உறிஞ்சும் வேலைதான். கழிச்சல் அதன் வெளிப்பாடு.

சமநிலையைக் கெடுப்பவற்றில் முதன்மையானது ஒரே வேளையில் கொட்டப்படும் தானியம். சிறுகுடல் செரிக்கும் அளவுக்கு மேற்பட்ட மாவுச்சத்து பின்குடலுக்கு வழிந்தால், அங்கே லாக்டிக் அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிரிகள் பெருகி, நாரைச் செரிப்பவை மடிகின்றன. அமிலம் ஏறிய குடல் கழிச்சலையும் வயிற்று வலியையும் உண்டாக்கும். நச்சுப் பொருள்கள் இரத்தத்தில் கலந்தால் குளம்புக்குள் அழற்சி ஏற்பட்டுக் குதிரை நடக்கவே முடியாமல் போகும். தீவனத்தைத் திடீரென மாற்றுவதும் இதே கேட்டைச் செய்யும். புதிய தீனிக்கு நுண்ணுயிரிகள் பழகிக்கொள்ள இரண்டு மூன்று வாரங்கள் வேண்டும்.

பழைய நூல்கள் வகுத்த படி

இந்த உள்விவரங்கள் எதுவும் தெரியாத காலத்திலேயே, குதிரைக்கு என்ன, எவ்வளவு, எப்போது கொடுப்பது என்று இந்தியாவில் எழுதிவைத்தார்கள். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் குதிரைகளின் கண்காணிப்பாளருக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. உயர்ந்த குதிரைக்கு இரண்டு துரோணம் தானியம், ஒரு பிரஸ்தம் எண்ணெய், 5 பலம் உப்பு, 50 பலம் இறைச்சி, தீனியை நனைக்கத் தயிர் அல்லது இறைச்சிச் சாறு என்று அக்கால அளவைகளில் அது படி அளக்கிறது. புல் தின்னும் விலங்குக்கு இறைச்சி என்பது இன்று வியப்பளிக்கலாம். ஆனால் அதே பட்டியலில் பசும்புல் 1,000 பலம் என்றும், சாதாரணப் புல்லானால் அதற்கு இரு மடங்கு என்றும் வரையறுத்திருக்கிறது. இறைச்சியும் எண்ணெயும் சிறு சேர்மானங்கள். அந்தப் படியின் பெரும்பகுதி புல்தான். நெடுவழி நடந்தோ பாரம் சுமந்தோ களைத்த குதிரைக்கு ஆசனவாய் வழியாக எண்ணெய் செலுத்தும் முறையையும் அந்நூல் சொல்கிறது. உழைப்புக்குப் பின் குடல் இறுகும் என்ற அனுபவ அறிவு அதில் தெரிகிறது.

குதிரை மருத்துவர்கள் உடல் மெலிவதையும் பெருப்பதையும் கவனித்து, பருவத்துக்கு ஏற்பத் தீனியை மாற்ற வேண்டும் என்பது அதே அத்தியாயத்தின் விதி. தவறான மருத்துவத்தால் நோய் முற்றினால் மருத்துவச் செலவைப் போல் இரு மடங்கும், குதிரை இறந்தால் அதன் விலையும் தண்டமாக விதிக்கப்பட்டன. பிற்காலத்தில் சாலிஹோத்திரர், நகுலர், ஜயதத்தர் ஆகியோர் பெயரில் வழங்கிய குதிரை நூல்கள் இந்த அறிவை நோய்வாரியாகவும் பருவவாரியாகவும் விரித்தன. நகுலர் பெயரிலுள்ள அசுவ சாஸ்திரத்தின் வண்ண ஓவியங்கள் கொண்ட சுவடி தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் காக்கப்பட்டு, 1952இல் அச்சாகி வெளிவந்தது.

கடல் தாண்டி வந்த குதிரைகள்

தமிழகத்தின் வெப்பமும் ஈரமும் கலந்த கடற்கரைச் சமவெளி குதிரை இனம் பெருகுவதற்கு ஏற்றதன்று. அதனால் நல்ல குதிரை எப்போதும் வெளியிலிருந்தே வந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் குதிரைகள் கடல்வழியாக வந்திறங்கியதைப் பட்டினப்பாலை பதிவு செய்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்தைச் சேர்ந்த குதிரைச் செட்டிகள் இடம்பெறுகிறார்கள். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொருளை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் சிவத்தொண்டுக்குச் செலவிட்ட கதை, குதிரைக் கொள்முதல் அரசின் எவ்வளவு பெரிய செலவாக மக்கள் நினைவில் பதிந்திருந்தது என்பதைக் காட்டுகிறது.

இந்த வாணிபம் உச்சத்தை அடைந்தது 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாண்டியர் ஆட்சியில். தாமிரபரணி முகத்துவாரத்தில் இருந்த காயல் துறைமுகத்துக்கு ஹோர்முஸ், கிஷ், ஏடன், தோபார் ஆகிய இடங்களிலிருந்து குதிரைக் கப்பல்கள் வந்தன. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், கிஷ் தீவின் மாலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப உடன்பட்டதையும், ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார் விலை வைக்கப்பட்டதையும், வழியில் இறந்தவற்றுக்கும் அரசே விலை கொடுத்ததையும் எழுதியிருக்கிறார். பாரசீக வளைகுடாத் துறைகள் எல்லாவற்றிலிருந்தும் சேர்த்து ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்தன என்பது அவர் தரும் கணக்கு. இந்த எண்கள் மிகையாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினாலும், வாணிபம் மிகப் பெரியது என்பதில் ஐயமில்லை.

அதே காலத்தில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கியும் ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சுவதில்லை என்கிறார். அதற்கு அவர் இரண்டு காரணங்கள் சொல்கிறார். குதிரைகளைப் பேணத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. விற்கும் வணிகர்கள் லாடமடித்து மருத்துவம் பார்க்கும் ஆட்களைத் தாமும் அழைத்து வருவதில்லை, பிறர் வருவதையும் தடுத்துவிடுகிறார்கள். இரண்டாவது, குதிரைக்கு வேகவைத்த இறைச்சி கலந்த சோறும் சமைத்த பிற உணவுகளும் கொடுக்கிறார்கள். வஸ்ஸாஃபின் குறிப்பும் இதற்கு நெருங்கியதே. பச்சை பார்லிக்குப் பதிலாக வறுத்த பார்லியும் வெண்ணெயில் பக்குவப்படுத்திய தானியமும் தந்து, காய்ச்சிய பசும்பால் குடிக்கவைத்து, கொழுப்பதற்காக 40 நாள் கயிற்றாலும் முளையாலும் லாயத்தில் கட்டிவைத்தார்கள் என்று அவர் எழுதுகிறார். அதன்பின் பயிற்சி எதுவும் இல்லாமல் ஏறி ஓட்டினார்களாம். வலிமையும் வேகமும் கொண்ட குதிரைகள் சில காலத்திலேயே தளர்ந்து பயனற்றுப் போயின. அதனால் ஆண்டுதோறும் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று.

மரணத்தின் காரணங்கள்

இந்த இரு குறிப்புகளையும் இன்றைய கால்நடை மருத்துவ அறிவோடு வைத்துப் படித்தால், குதிரைகளின் குடல் எப்படிக் கெட்டிருக்கும் என்பது தெளிவாகும். பல வாரங்கள் கப்பலில் அசைவின்றி நின்று, குறைந்த தண்ணீரோடும் உலர்ந்த தீனியோடும் வந்த குதிரையின் பின்குடல் ஏற்கெனவே நலிந்திருக்கும். கரையிறங்கியதும் பழகாத, மாவுச்சத்தும் கொழுப்பும் மிகுந்த உணவு திடீரெனக் கிடைத்தது. நார் குறைந்து மாவு மிகுந்தால் பின்குடலில் அமிலம் ஏறிக் கழிச்சல் வரும். அரிசியில் சுண்ணாம்புச் சத்து குறைவு. அதையே முதன்மைத் தீனியாகத் தின்னும் குதிரையின் எலும்பு வலுவிழக்கும். இங்கே பிறந்த குட்டிகள் கோணிய கால்களோடு இருந்ததாக மார்க்கோ போலோ சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

கட்டிவைத்த 40 நாள் இன்னொரு கேடு. நடையும் மேய்ச்சலும்தான் குதிரைக் குடலின் அசைவைச் சீராக வைக்கின்றன. அசையாமல் நிற்கும் குதிரையின் குடலில் தீனி தேங்கி அடைத்துக்கொள்ளும். அடைப்பு ஏற்பட்டால் வலியில் புரண்டே உயிர்விடும். வெப்பம், கடற்பயணக் களைப்பு, ஈ வழியாகவும் நீர் வழியாகவும் பரவும் நோய்கள் ஆகியவையும் குதிரைகளைக் கொன்றிருக்கும். ஆயினும் இரு வேறு நாட்டவர் தனித்தனியாகத் தீனியைச் சுட்டியிருப்பது கவனத்துக்குரியது.

அர்த்தசாஸ்திரத்தின் படியோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். வெந்த தானியமும் இறைச்சியும் கொழுப்பும் அந்தப் பட்டியலிலும் உண்டு. ஆனால் அவற்றின் பக்கத்தில் புல் மலையாக இருந்தது. வெளிநாட்டவரின் குறிப்புகளில் புல்லுக்கு இடமே இல்லை. வளமான உணவு தருவதே பெரிய கவனிப்பு என்ற எண்ணம், விலை உயர்ந்த விலங்கிடம் அதிகமாகச் செயல்பட்டிருக்கிறது. நூல்களில் இருந்த அறிவு லாயத்தில் தினமும் நின்றவர்களிடம் போய்ச் சேரவில்லை. அறிந்தவர்கள் வருவதை வணிகர்களின் லாபம் தடுத்தது.

விஜயநகரப் பேரரசிலும் அரபுக் குதிரைகளின் தேவை தொடர்ந்தது. சாளுவ நரசிம்மர் காலத்தில் உயிரோடு வந்தாலும் இறந்து வந்தாலும் குதிரைக்கு விலை தரப்பட்டது என்றும், கடலில் இறந்ததற்கு வாலைக் காட்டினாலே போதும் என்றும் 16ஆம் நூற்றாண்டின் போர்த்துக்கீசியர் ஃபெர்னாவ் நூனிஸ் எழுதினார். இழப்பை முன்கூட்டியே விலையோடு சேர்த்துவிடும் அந்த ஏற்பாட்டில், குதிரையைப் பிழைக்கவைக்கும் அக்கறைக்கு ஊக்கம் குறைவாகவே இருந்தது. யாழ்ப்பாணத்துக்கு அருகே, போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் ஆண்ட காலத்தில் குதிரை வளர்க்கப்பட்ட நெடுந்தீவில் நிலைமை வேறு. அங்கே விடப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள் இன்றும் காட்டுக் குதிரைகளாகத் திரிகின்றன. கோடையில் தண்ணீருக்குத் தவித்தாலும், தானியம் ஏதுமின்றிப் புல்லையே மேய்ந்து அவை தலைமுறைகளாகத் தாக்குப்பிடித்திருக்கின்றன.

கொள்ளும் அருகும்

தென்னாட்டுக் குதிரைத் தீனியில் நிலைத்த இடம் பிடித்தது கொள்ளு. மானாவாரி நிலத்திலும் விளையும் இப்பயறு மலிவானது, புரதம் மிகுந்தது. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் குதிரை என்ற பழமொழி அதன் செல்வாக்குக்குச் சான்று. பச்சைக் கொள்ளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. வேகவைத்தால் அவை அழிகின்றன. சென்னை மாகாணத்தில் கொள்ளை வேகவைத்து, ஆறவைத்து, பிசைந்து கொடுக்கும் வழக்கம் இந்த அறிவியல் காரணம் தெரியாமலே சரியாக அமைந்த பழக்கம். வட இந்தியாவில் அந்த இடத்தைக் கொண்டைக்கடலை பெற்றது. வேகாத கொள்ளைத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்த குதிரையின் வயிற்றில் அது ஊதி நோவு தரும் என்ற அச்சமும் லாயங்களில் இருந்தது.

கொள்ளுக்கு இணையாக நின்றது அருகம்புல். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் சென்னையில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு குதிரைக்காரரும், புல் அறுத்து வர ஒரு பெண்ணும் இருந்ததை 1843இல் வெளியான ஜூலியா மெயிட்லாண்டின் சென்னைக் கடிதங்கள் பதிவு செய்கின்றன. வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் அருகைத் தேடிச் செதுக்கி, கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து வந்த அந்தப் பெண்களின் உழைப்பே மாகாணத்துக் குதிரைகளின் குடலைக் காத்தது. பெயர் பதிவாகாத அவர்களுக்குக் குதிரை வரலாற்றில் உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

வேரோடு செதுக்கிய புல்லில் ஒரு தீமையும் இருந்தது. அதனோடு மண்ணும் மணலும் வரும். நாள்தோறும் சிறிது சிறிதாக உள்ளே போகும் மணல் பெருங்குடலின் அடியில் படிந்து, குடற்சுவரை உராய்ந்து கழிச்சலை உண்டாக்கும், மிகுந்தால் அடைத்துக்கொள்ளும். புல்லை அடித்து உதறி, நன்றாக அலசிப் போட வேண்டும் என்று அக்காலக் குதிரைப் பராமரிப்பு நூல்கள் வலியுறுத்தியது இதனால்தான். சென்னை மெரினா போன்ற மணற்பரப்பில் நிற்கும் சவாரிக் குதிரைகளுக்கு இந்த அபாயம் இன்றும் உண்டு. இலத்தியைத் தண்ணீரில் கரைத்துச் சற்று நேரம் வைத்தால் அடியில் மணல் படிகிறதா என்று தெரிந்துவிடும். தீவனத்தைத் தரையில் கொட்டாமல் தொட்டியில் இடுவது இதற்கு முதல் காப்பு.

லாய மருந்தும் கல்லூரி மருத்துவமும்

செரிமானக் கோளாறுகளுக்கு நாட்டு லாயங்களில் சுக்கு, மிளகு, ஓமம், பெருங்காயம், இந்துப்பு ஆகியவற்றை இடித்து மாவோடு உருட்டிக் கொடுத்தார்கள். லேசான வாயுத் தொல்லைக்கு இவை ஓரளவு உதவியிருக்கலாம். தொற்றால் வரும் கடுங்கழிச்சலுக்கு இவற்றால் பயனில்லை. ஆங்கிலேய மருத்துவர்களின் பையிலும் அன்று வேறுபட்ட ஆயுதங்கள் அதிகம் இல்லை. கழிச்சலை நிறுத்தச் சீமைச்சுண்ணாம்பு, காசுக்கட்டி, இஞ்சி, அபினி ஆகியவற்றைக் கலந்து கொடுத்தார்கள். குடலைச் சுத்தப்படுத்த உலர்ந்த கற்றாழைச் சாற்றால் செய்த உருண்டைகளை விழுங்கவைத்தார்கள். கற்றாழை கடுமையான பேதி மருந்து. அளவு மீறினால் அதுவே உயிருக்கு உலைவைக்கும். இரத்தம் வடித்தல் இன்னொரு பொது மருத்துவம். கழிச்சலால் ஏற்கெனவே நீரிழந்த குதிரையை அது மேலும் பலவீனப்படுத்தியது.

அறிவியல் வழியிலான கால்நடை மருத்துவக் கல்வி 1762இல் பிரான்சின் லியோன் நகரில் குளோத் பூர்ஜெலா தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது; லண்டனில் 1791இல் கல்லூரி அமைந்தது. இந்த முயற்சிகளுக்குப் படைக் குதிரைகளின் தேவை பெரிய உந்துதல். சென்னை மாகாணத்துக்கு 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து ‘வேலர்’ குதிரைகள் பெருமளவில் வந்தன. படைக்கான குதிரைகளைப் பேணிப் பழக்கும் பண்ணை மேட்டுநில ஓசூரில் இருந்தது. பின்னாளில் அதுவே கால்நடைப் பண்ணையாக மாறியது. கடற்கரையைவிடக் குளிர்ந்த அந்த இடத்தில், வந்திறங்கிய குதிரைகளை உடனே வேலையில் பூட்டாமல், புதிய தட்பவெப்பத்துக்கும் தீவனத்துக்கும் பழக்க முடிந்தது. பாண்டியர் காலத்தில் இல்லாமல்போன இடைக்காலப் பராமரிப்பு அதுதான். 1903இல் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியதும், குதிரை மருத்துவம் உள்ளூர் மாணவர்கள் முறையாகக் கற்கும் துறையாயிற்று. 1989இல் அமைந்த தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் அக்கல்லூரி இன்று இயங்குகிறது.

இன்றைய பராமரிப்பு

படையிலிருந்தும் சாலையிலிருந்தும் குதிரை விலகிய பிறகு, தமிழகத்தில் அது பந்தயம், சவாரி, காவல்துறை, கோயில் விழா என்ற சிறு வட்டத்துக்குள் வாழ்கிறது. குடல்நல விதிகள் மாறவில்லை. அவற்றின் காரணங்கள் தெளிவாகியிருக்கின்றன. உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு உலர்ந்த புல் அல்லது அதற்கு ஈடான பசும்புல் நாள்தோறும் வேண்டும். தானியத்தை வேளைக்குச் சிறிதாகப் பிரித்துத் தர வேண்டும். தீவன மாற்றம் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் படிப்படியாக நடக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் தழைக்கும் இளம்புல்லில் திடீரென மேயவிட்டால் இலத்தி இளகும். மேய்ச்சல் நேரத்தை நாளுக்கு நாள் கூட்டினால் தொல்லை குறையும்.

குடற்புழுவை முன்னோர் அறிந்திருந்தாலும், அது பரவும் வழி அண்மைக் காலத்தில்தான் விளங்கியது. இலத்தியோடு வெளியேறும் முட்டைகள் புல்லில் புழுக்களாகி மீண்டும் வாய்வழி புகுகின்றன. மேய்ச்சல் நிலத்தில் வாரம் இருமுறை இலத்தியை அகற்றுவது இந்தச் சுழற்சியை அறுக்கும் எளிய வழி. ஒரே மருந்தை அடிக்கடி கொடுத்ததால் பல புழுக்கள் எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்டன. எனவே இலத்தியில் முட்டைகளை எண்ணிப் பார்த்த பிறகே மருந்து தருவது இன்றைய முறை.

எல்லா இளகிய இலத்தியும் நோயின் அறிகுறி ஆகாது. பயணப் பதற்றத்தில் ஓரிரு முறை இளகுவது தானே சரியாகும். பிறந்து 7 முதல் 14 நாளில் குட்டிக்கு வரும் லேசான கழிச்சலும் பெரும்பாலும் அப்படியே. அந்த நாள்களில் குட்டி தாயின் இலத்தியைத் தின்பதும் இயல்பு. அதன்மூலம் குடலுக்கு வேண்டிய நுண்ணுயிரிகளைப் பெறுகிறது. சில குதிரைகளுக்கு உருண்டை சரியாக இருந்தும் நீர் தனியே வழியும். தீவனத்தின் நார் வகையை மாற்றிப் பார்ப்பதும், மந்தையில் அதை அச்சுறுத்தும் குதிரையிடமிருந்து பிரித்து வைப்பதும் சிலவற்றுக்குப் பலன் தருகின்றன. மணல் படிந்த குடலுக்கு, குஜராத்தில் விளையும் இசப்கோல் உமியைக் கால்நடை மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள்.

காய்ச்சல், உண்ண மறுத்தல், வயிற்று வலி, இரத்தம் கலந்த நீர்க்கழிச்சல் ஆகியவை வேறு வகை. சால்மோனெல்லா போன்ற தொற்றோ, வலி நிவாரணிகளை நீண்ட நாள் கொடுத்ததால் வந்த குடற்புண்ணோ காரணமாகலாம். வளர்ந்த குதிரை இத்தகைய கழிச்சலில் ஒரே நாளில் பல பத்து லிட்டர் நீரை இழக்கும். அப்போது கழிச்சலை அடைக்கும் மருந்தைவிட இழந்த நீரையும் உப்புகளையும் ஈடுசெய்வதே உயிர் காக்கும். மருத்துவர் வரும்வரை சுத்தமான நீரையும், உப்புக் கலந்த நீரை வேறொரு தொட்டியிலும் வைத்து, தானியத்தை நிறுத்தி, நல்ல உலர்புல்லை மட்டும் தர வேண்டும். தொற்று மனிதருக்கும் பரவக்கூடும் என்பதால் அந்தக் குதிரையைத் தனியே கட்டுவதும், கையாள்பவர் கைகளைக் கழுவுவதும் கட்டாயம்.

குதிரைக்குப் பெருஞ்செலவு செய்த அரசுகள் பலவும் அதை வாங்குவதில் காட்டிய கவனத்தைப் பேணுவதில் காட்டவில்லை. நோயும் இழப்பும் குறைந்த இடங்களில் மூன்று விஷயங்கள் இருந்தன: தடையின்றிக் கிடைத்த புல், அவசரமின்றிச் செய்த தீவன மாற்றம், தினமும் இலத்தியைக் கவனித்து உடனே சொல்லத் தெரிந்த ஆள். கால்நடை மருத்துவம் எவ்வளவு வளர்ந்தாலும் குதிரை லாயத்தின் அடிப்படை இந்த மூன்றில்தான் நிற்கிறது.